எலியைப் பட்டினி போட்ட அம்மாவுக்கு

ஆரணி,
முகூர்த்தச் சேலை கொடுத்து முடித்த மறுநாள்.

மதிப்புக்குரிய பேராசிரியர் சூர்யகலா அம்மா அவர்களுக்கு, தங்களிடம் நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்யும் லாவண்யாவின் அப்பா, தறிக்கார ரங்கசாமி வணக்கத்துடன் எழுதுவது. படவேட்டு அம்மன் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சுகம். அங்கு தாங்களும் தங்கள் எலிகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். போன மாதம் லாவண்யா பெட்டியோடு வந்து இறங்கி, "படிப்ப வுட்டுடப் போறேம்பா" என்றாள். என்னம்மா என்றால், "செல்லுக்குள்ள சேதி வாங்குற ஏற்பின்னு ஒண்ணு இருக்குதுப்பா. எது வந்து தொட்டா அது வேலை செய்யும்னே தெரியாது, அதான் அநாதை ஏற்பின்னு பேரு. அதோட மரபணுவ எலிகிட்டேர்ந்து வெட்டி எடுத்துப் பாத்தேன். எலி துன்னுகினு, ஓடிகினு, குட்டி போட்டுகினு ஜோரா இருக்குது" என்று அழுதாள். இது நம் தொழில்தானே என்று எனக்குத் தோன்றியது. தறிக்கு மேலே டிசைன் போடும் ஜக்கார்டு பெட்டியில் ஒரு கயிறு எதைத் தூக்குகிறது என்று தெரியாவிட்டால், அதை அவிழ்த்துவிட்டு நாலு விரற்கடை நெய்து பார்ப்போம். சேலையில் விழும் மயிலில் எது காணாமல் போகிறதோ அதுதான் அந்தக் கயிற்றின் வேலை. சொன்னேன். "அவுத்துட்டேம்பா, மயிலு முழுசாதான் நிக்குது" என்றாள். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். அவளைத் தேற்றுவதாக நினைத்து, "என்னை எடுத்துப் பாரு, இந்த வூடு ஒரு நாள் ஓடுமா?" என்று கேட்டுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு "பாத்துடலாம்பா" என்றாள்.

மறுநாளே கண்ணமங்கலத்தில் என் தங்கை வீட்டுக்கு எட்டு நாள் அனுப்பப்பட்டேன். ஒருவரும் போன் செய்யவில்லை. திரும்பி வந்தால் இரண்டு தறியும் ஓடுகின்றன, என் சம்சாரம் மணிமேகலை முகம் தெளிவாக டிவி பார்க்கிறாள், லாவண்யா நோட்டில் "அப்பா நீக்கம்: மாற்றம் ஏதுமில்லை" என்று எழுதுகிறாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் அம்மா, சாயத் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அப்போதுதான் தெய்வம் மாதிரி தாங்கள் லாவண்யாவுக்குப் போன் செய்தீர்கள். வயிறு நிறைந்த எலியிடம் என்ன தெரியும், பட்டினி போட்டுப் பார் என்றீர்களாம். ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஓடினாள். மற்ற எலிகள் பசியைத் தாங்கின. அந்த மரபணு இல்லாத எலிகள் மட்டும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிச் சுருண்டுகொண்டன. கஷ்ட காலத்தில் உடம்பைத் தாங்குவதுதான் அந்த ஏற்பியின் வேலை என்று போனில் கத்தினாள். பிறகு, "உன்னையும் கஷ்டத்துலதாம்பா எடுத்துப் பாக்கணும்" என்றாள்.

அதனால் முகூர்த்த வாரத்தில் நானே மறுபடி கண்ணமங்கலம் போனேன். மூன்றாம் நாள் மணிமேகலையின் போன். "ஏங்க, முந்தியில மயிலுக்குக் கொண்டையே வுழலிங்க. நாளைக்குச் சேலை குடுக்கணும். பேஜாரா கீது, ஜல்தி வாங்க." அடுத்த பஸ்ஸில் வந்தேன். எந்தக் கயிறு எப்போது தூக்க வேண்டும் என்று ஜக்கார்டுக்குச் சொல்லும் டிசைன் அட்டைக் கோர்வையில் நாலு அட்டையைக் காணோம். அரை மணியில் தேடிக் கோத்துக் கொடுத்தேன். கொண்டை விழுந்தது. செய்தி கேட்டு லாவண்யாவும் நோட்டைத் திருத்திவிட்டாள்.

மகளின் படிப்பும் என் மானமும் தங்களால் மீண்டன. தாங்கள் தொட்டதெல்லாம் துலங்க, தங்கள் குடும்பம் தழைக்க அம்மனை வேண்டும்,
தங்கள் நன்றியுள்ள,
ரங்கசாமி.

பி.கு.: மேடம், நான் மணிமேகலை எழுதுறேங்க. தபால்ல போடச் சொல்லி குடுத்தாரு, படிச்சுட்டேன். அந்த நாலு அட்டையையும் ஊருக்குப் போற அன்னிக்கு அவரேதான் உருவி மஞ்சப் பையில வெச்சுகினு போனாரு. சமையக்கட்டுலேர்ந்து பாத்துகினுதான் இருந்தேன். அதே அட்டை இன்னொரு செட்டு அலமாரியில இருக்குது, நானே கோத்திருப்பேன். போன் பண்ணதுக்குக் காரணம் வேறங்க. மொத தடவை அவரு போன எட்டு நாளும் எனக்குச் சோறே எறங்கல. லாவண்யாகிட்ட சொல்லல, அதான் நோட்டுல வரல. அவருகிட்ட நீங்களும் சொல்லிடாதீங்க.