என்னைப் பற்றி என்னிடமே விசாரித்தார்கள்

1980 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை, மாலை ஆறு முப்பத்தைந்து. மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். வானத்தில் பேருக்கு ஒரு துண்டு மேகம் இல்லை. கச்சான் காற்று மூன்று நாளாக வயல்பக்கச் சூட்டை அள்ளிவந்து கல்முனைக் கடைத்தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது. கணித ஆசிரியன், வயது இருபத்தேழு, புத்திசாலி என்று என்னால் மட்டும் கருதப்பட்ட நான், அந்த நேரத்தில்தான் என் நல்ல பெயரை என் வாயாலேயே கெடுக்கத் தொடங்கினேன்.

இதை இப்போது எழுதக் காரணம் என் தங்கையின் மகள். ஏதோ ஒரு பெருநகரத்தில் ஆண்களை விரும்பும் ஆண்கள் கூடுகிற பார்களின் வரலாற்றைக் கைபேசியில் படித்துவிட்டு வந்து, “நம்மட ஊரில அப்பிடி ஒண்டும் இரிக்கல்லயா மாமா?” என்று கேட்டாள். இருந்தது என்றேன். எத்தனை என்றாள். ஒன்று. பதினேழு படி ஏறவேண்டும்.

சேகு காக்கா (எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்) இளமையில் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். துறைமுகம் துறைமுகமாகப் பல பார்களைப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்து தேத்தண்ணிக் கடை போட்டார். கீழே எல்லாருக்கும் கடை. மேல்மாடியில் ஒரு நீளப் பலகையை அடித்து, அதன் முன்னால் நாலு உயரமான ஸ்டூல்களைப் போட்டார். (ஒன்றுக்குக் கால் கட்டை. புதிதாக வருகிறவருக்கு அதுதான்.) கல்யாண வீட்டு வண்ண பல்புகள் ஒரு சரம் தொங்கின. இஞ்சித் தேத்தண்ணி, சர்பத், பாலூடா மூன்றும்தான் கிடைக்கும். ஹறாமானது ஒரு சொட்டுக்கூட அங்கே இல்லை. ஊர் ஹறாம் என்று சொல்லக்கூடியதாக இருந்தது நாங்கள் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை கடைகளுக்கு லீவு என்பதால் வியாழன் இரவு எங்கள் இரவு. மருதமுனைத் தையற்காரர் ஒருவர் வருவார். தான் போடுகிற சேர்ட்டைத் தானே மூச்சுவிட முடியாதபடி தைத்துக்கொள்வார். காரைதீவுத் தபால்காரர் ஒருவர் பாடுவார். நன்றாகப் பாடமாட்டார், ஆனால் முழுவதும் பாடுவார். இன்னும் ஏழெட்டுப் பேர். தன்பாலீர்ப்பாளர் என்ற சொல்லை நான் எழுபது வயதுக்குப் பிறகுதான் பத்திரிகையில் பார்த்தேன். அன்றைக்கு எங்களுக்கு இருந்த ஒரே சொல் ‘மேலே.’ “இண்டைக்கு மேலயா?” என்று கேட்டால் போதும்.

மேலேதான் ஹனீபாவைக் கண்டேன். அக்கரைப்பற்றில் ஓர் அலுவலகத்தில் கிளாக்கர். கட்டைக்கால் ஸ்டூலில் ஆடாமல் உட்கார்ந்த முதல் மனிதர். அதற்குப் பிறகு எனக்கு அக்கரைப்பற்றில் சனிக்கிழமை டியூசன் வகுப்புகள் ஆரம்பித்தன. வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தேன். கடைசி பஸ் அடிக்கடி தவறியது. அவ்வளவு பஸ்ஸைத் தவறவிட்ட ஆசிரியர் அந்தப் பாதையில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்.

அன்றைக்கு சேகு காக்கா இஷாத் தொழுகை முடியாமல் மேலே திறக்கமாட்டேன் என்றார். அதனால் நானும் ஹனீபாவும் கீழே, கடைசி மேசையில் இருந்தோம். அப்போது வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக நாலு பேர் வந்தார்கள். சூடுமிதித்த புது நெல்லின் தூசி அவர்கள் மேல் மணத்தது. மூத்தவர் போடியார், அதாவது பெரிய வயற்காரர். அது அவர் கதிரையில் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. வேறு மேசை காலியில்லாததால் எங்கள் மேசைக்கே வந்தார்கள். ஆளுக்கொரு வெறுந்தேத்தண்ணி. வேறெதுவும் வேண்டாம் என்றார்கள்.

“தம்பி, மஜீத் எண்டு ஒரு கணக்கு வாத்தியார் இரிக்காராம். ஆளத் தெரியுமா?” என்று போடியார் என்னைக் கேட்டார்.

நான்தான் மஜீத்.

வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை விசாரிப்பது என்றால், முகம் பார்ப்பதற்கு முன்னமே நடக்கிற வேலை. பெண்ணின் மாமன்மார் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய், தேத்தண்ணிக் கடையில் குந்தி, கண்ணில் படுகிறவரிடம் கேட்பார்கள். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். வீடு பெண்ணுக்குச் சீதனம். ஆகவே இவர்கள் சரி என்று தலையாட்டினால் நான் பெட்டியோடு வரிப்பத்தான்சேனைக்குப் போகவேண்டும் (அங்கிருந்து வந்தோம் என்று போடியார் அடுத்த வாக்கியத்தில் சொன்னார்). போனால் வியாழக்கிழமை இல்லை. அக்கரைப்பற்றுக் கடைசி பஸ் இல்லை. ஹனீபா இல்லை. வாப்பாவிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. சொன்னால் காரணம் கேட்பார்.

ஆகவே பெண் வீட்டாரையே பின்வாங்க வைப்பது என்று தீர்மானித்தேன். பேசாமல் இரும் என்று சைகை காட்ட, மேசைக்கடியில் ஹனீபாவின் காலை ஒரு உதை உதைத்தேன். (நான் உதைத்தது மேசையின் காலை என்பது பிறகுதான் தெரிந்தது.)

“தெரியும். ஆனா பொல்லாத கஞ்சன். சீனி போடக்குள்ளயும் எண்ணித்தான் போடுவார்” என்றேன்.

ஹனீபாவுக்குச் சூதுவாது கிடையாது. என்னைப் பற்றி யார் தப்பாகப் பேசினாலும் அவரால் பொறுக்க முடியாது. பேசுவது நானாக இருந்தாலும் அப்படித்தான். கணக்குப் பார்த்துச் செலவழிப்பது நல்ல பழக்கம் என்றும், ஒரு சதம் வீணாக்காத மனிதர் என்றும் பதில் சொன்னார். போடியார் திருப்தியோடு மற்ற மூவரையும் பார்த்தார்.

அடுத்ததாக, அந்த வாத்தியார் பெரிய கோபக்காரர், பிள்ளைகளைச் சோக்கட்டியால் எறிவார் என்றேன். ஒரு பிள்ளை மீதும் கைவைத்ததில்லை, பிள்ளைகள் என்றால் அவருக்கு உயிர் என்றார் ஹனீபா. போடியாரின் முகம் மலர்ந்தது. ஏலத்தில் போன மாடு போல என் விலை ஏறிக்கொண்டிருந்தது. இறக்க நினைத்தவனும் நான், ஏறியதும் நான். வியர்வையில் சேர்ட் முதுகோடு ஒட்டிவிட்டது.

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். வயல்காரருக்கு நித்திரை முக்கியம் அல்லவா?

“அதெல்லாம் போகட்டும் காக்கா. ஆளுக்கு ஒரு வருத்தம் இரிக்கி. நித்திரையில எழும்பிக் குந்தி வாய்ப்பாடு சொல்லுவார். பதினாறாம் வாய்ப்பாடு. தெருவே முழிச்சிரும்.”

பட்டது. போடியாரின் முகம் சுருங்கியது. தன் மச்சான் ஒருவர் விடுகிற குறட்டையில் தன் லாத்தா, அதாவது அக்கா, பத்து வருடமாகக் குசினியில் படுப்பதாகச் சொல்லி, தேத்தண்ணியைத் தள்ளிவைத்தார். மற்ற மூவரும் தொப்பியைச் சரிசெய்தார்கள். எழுந்துவிடுவார்கள் போலிருந்தது. மனதுக்குள் நான் அல்லாஹ்வுக்கு ஷுக்ர் சொல்லிமுடியவில்லை; ஹனீபா மேசையில் கையை ஊன்றினார்.

“அது பச்சப் பொய். நித்திரையில அவர் ஒரு சத்தமும் போடமாட்டார். இடப்பக்கம் சரிஞ்சி, கன்னத்துக்குக் கீழ கைய வெச்சிக்கிட்டு, சின்னப்புள்ள மாதிரிப் படுப்பார்.”

என் கையிலிருந்த கிளாஸ் நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்தது.

சத்தம் கேட்டு, குசினியிலிருந்து சேகு காக்கா தலையை நீட்டாமலே கத்தினார்: “உடைஞ்சா உடையட்டும் மஜீத் சேர். உங்கட கணக்கில போடுறன்.”

படிக்கட்டில் தையற்காரரும் தபால்காரரும் ஒருவர் தோளுக்கு மேலால் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூமி பிளந்தால் போதும் என்பார்களே, எனக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்படவில்லை; மேசைக்கடியில் கொஞ்சம் இடம் கிடைத்திருந்தால் போதும்.

போடியார் என்னைப் பார்த்தார். பிறகு ஹனீபாவைப் பார்த்தார். அவசரமே இல்லை அவருக்கு. நெல்லைக் கையில் எடுத்துப் பதம் பார்க்கிற மாதிரி.

“நீங்க எந்த ஊர் மகன்?”

“அக்கரைப்பற்று.”

“சேருக்குச் சொந்தமா?”

“இல்ல காக்கா.”

“சேர் உங்கட ஊரிலயா இரிக்கார்?”

“இல்ல. கடைசி பஸ் தவறினா வந்து தங்குவார்.”

(அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லக்கூடாதா? சொல்லத் தெரியாது அவருக்கு. இன்றுவரை தெரியாது.)

மூவரில் இளையவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போடியார் கையைக் காட்டி அடக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சேர், உங்களப் பத்தி நீங்க சொன்னதில ஒண்டையும் நான் நம்பல்ல. இவர் சொன்னது எல்லாத்தையும் நம்புறன். அதனாலதான் எங்கட புள்ளைய இஞ்ச தரேலாது.”

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. சிரித்தாரா என்றும் எனக்குத் தெரியாது. நான் உடைந்த கிளாஸ் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு துண்டு.

எழுந்துபோவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. விசாரிக்கப் போன இடத்தில் மாப்பிள்ளை பக்கத்துச் சாப்பாட்டில் கைவைக்கக் கூடாது என்பது அவர்கள் ஊர் வழக்கமாம். தின்ற வாய் நியாயம் சொல்லாது என்று பயம். காலையிலிருந்து கல்முனையில் மூன்று கடை ஏறி இறங்கியும் வெறுந்தேத்தண்ணியில்தான் நின்றிருக்கிறார்கள். “இப்பதான் சம்பந்தம் இல்லயே, இனிச் சேர்ட கணக்கில தின்னலாம்” என்று போடியார் சேகு காக்காவைக் கூப்பிட்டு, மாட்டிறைச்சிக் கறியும் பராட்டாவும் கொண்டுவரச் சொன்னார். நாலு பேரும் அறுவடைக்காரர் பசியோடு சாப்பிட்டார்கள். ஹனீபாதான் பரிமாறினார். போடியார் அவரிடம் மட்டும் மறுபடி மறுபடி கறி கேட்டு வாங்கினார்.

பையன் மேலும் படிக்க ஆசைப்படுகிறான் என்று வாப்பாவுக்குச் சொல்லியனுப்பி, போடியார் மற்றதையெல்லாம் தன்னோடு வைத்துக்கொண்டார். ஆனால் அந்த இளையவரின் வாய் முழுதாக மூடப்படவில்லை. தன்னைத் தானே கஞ்சன் என்று சொன்ன வாத்தியாரின் கதை மட்டும் பெருநாளைக்கு வந்த விருந்தாளியைப் போல ஒவ்வொரு வீட்டுக்கும் போய்வந்தது. அப்படிப்பட்டவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு சம்பந்தமும் வரவில்லை. உம்மா இரண்டு வருடம் அழுதார். மூன்றாம் வருடம் தங்கைக்கு வீடு கட்டும்போது, எனக்கென்று ஓர் அறையை மேற்குப் பக்கமாகச் சேர்த்துக் கட்டச் சொன்னார். அது ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

மேல்மாடி இன்னும் சில வருடம் ஓடியது. எண்பதுகளின் நடுவில் ஊரடங்கு வந்தது. இரவே இல்லாத ஊரில் இரவுக்கடை எதற்கு? சேகு காக்கா பல்புச் சரத்தைக் கழற்றிக் கல்யாணவீட்டுக்காரர் ஒருவருக்கு விற்றார். கட்டைக்கால் ஸ்டூல் இப்போது எங்கள் அறையில் இருக்கிறது. ஹனீபா அதில் கால்நீட்டிப் பத்திரிகை படிப்பார். அலுவலகத்தில் ஓய்வுபெற்ற அன்றைக்கு ஒரு பெட்டியோடு வந்தவர், கடைசி பஸ் போய்விட்டது என்றார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாருக்காவது மாப்பிள்ளை விசாரிக்கும் பேச்சு வந்தால், தங்கையின் பிள்ளைகள் முதலில் கேட்பது, “நித்திரையில எப்பிடிப் படுப்பாராம்?” எல்லாரும் ஹனீபாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போதெல்லாம் அவர், “முந்தி நல்லாத்தான் படுத்தார். இப்ப குறட்டை” என்கிறார். ஒரே சாட்சி அவர்தான். மறுக்க வழியில்லை.

சேகு காக்காவின் அன்றைய பில் என் கைப்பெட்டியில் இருக்கிறது. பராட்டா இருபத்திரண்டு, இறைச்சி ஐந்து தட்டு, வட்டிலப்பம் நாலு, தேத்தண்ணி ஒன்பது, உடைந்த கிளாஸ் ஒன்று. எல்லாமாக ஐம்பது ரூபாய் எழுபத்தைந்து சதம்.