பெனால்டிக்கு நடுவே ஒரு ஜெபம்

கல்யாணமாகாத ஆணுக்குத் தாம்பரத்தில் வேலை கிடைக்கும், வியாதி கிடைக்கும், வாடகைக்கு வீடு மட்டும் கிடைக்காது. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டுவிட்டுப் பதினெட்டு வருடம் ஊர் ஊராகச் சுற்றியவன் நான். கோவாவில் படகுக்கு வண்ணம் அடித்தேன், கோழிக்கோட்டில் ஓட்டல் பாத்திரம் கழுவினேன். படுத்ததெல்லாம் அடுத்தவன் பாய் (சில நாள் அதுவும் இல்லை). படப்பைப் பக்கம் ஒரு குடோனில் வேலை நிலைத்ததும், எனக்கென்று ஒரு பூட்டும் சாவியும் வேண்டும் என்று ஆசை வந்தது. அந்த ஆசையில்தான் பொய் சொன்னேன்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்கார அம்மா, ரிட்டயர்டு டீச்சர், தனியாக இருந்தார்.

"ஃபேமிலிக்குத்தான் தம்பி விடுவேன்."

"ஃபேமிலிதான் டீச்சர். பிரசவத்துக்கு வந்தவாசி போயிருக்கா, அம்மா வீட்டுக்கு."

வந்தவாசியை நான் பஸ் போர்டில் மட்டுமே பார்த்திருக்கிறேன். எத்தனை மாதம் என்று டீச்சர் கேட்டார். ஆறு என்றேன். (இரண்டு என்று சொல்லியிருந்தால் இன்னும் நான்கு மாதம் நிம்மதியாக இருந்திருப்பேன். ஒன்பதாவது ஃபெயிலானவனின் கணக்கு அவ்வளவுதான்.)

மூன்று மாதம் ஓடியது. எனக்கு அந்தப் பொய் மறந்தே போனது. டீச்சருக்கு மறக்கவில்லை.

கோழிக்கோட்டில்தான் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது. மேட்ச் நாளில் ஓட்டல் முதலாளி தன் வீட்டைத் திறந்துவிடுவார். கப்பக்கிழங்கு வேகும், ஊரே தரையில் உட்கார்ந்து பார்க்கும். நான் ஈரக்கையோடு வாசலில் நின்று பார்ப்பேன். நமக்கென்று ஒரு வீடு வந்தால் நாமும் இப்படி நாலு பேரைக் கூப்பிட வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் இறுதி ஆட்டம். குடோனிலிருந்து ஐந்து பேரைக் கூப்பிட்டேன். அவர்களுக்குத் தலைவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சேகர். கிழங்கு, மீன் குழம்பு, ஜெயித்தால் சாப்பிட லட்டு. யாரும் எதற்கும் கூச்சப்படாத பார்ட்டி என்று சொல்லித்தான் அழைத்தேன். கூடவே சில சட்டங்களும் சொன்னேன். ஒவ்வொருவராக மாடி ஏற வேண்டும். செருப்பு கையில் இருக்க வேண்டும். கோல் விழுந்தால் துண்டைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

"பார்ட்டிக்குக் கூப்ட்டியா, திருடறதுக்குக் கூப்ட்டியா மச்சான்?" என்றான் சேகர்.

கடைசி நிமிடம் வரை துண்டைக் கடித்தோம். அப்போது எங்கள் மஞ்சள் சட்டை அணி ஒரு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. ஆறு பேரும் கத்திய கத்தலில் ஜன்னல் அதிர்ந்தது. கீழேயிருந்து டீச்சர் என்ன சத்தம் என்று கேட்டார். நான் உறைந்து நிற்க, சேகர் லட்டு டப்பாவோடு கீழே ஓடினான். ஒன்றை அவர் கையில் வைத்துவிட்டுச் சிரித்தபடி திரும்பி வந்தான். "கூல் பண்ட்டேன் மச்சான். நீ சும்மா பயந்துகினு கீற."

பெனால்டி தொடங்கும்போது டீச்சர் வாசலில் நின்றார். கையில் ஒரு பை. அதிலிருந்து மஞ்சள் கம்பளிக் குல்லாவும், கட்டைவிரல் அளவில் இரண்டு சாக்ஸும் வந்தன. மூன்று மாதமாகப் பின்னியிருக்கிறார்.

"லட்டு வந்ததுமே தெரிஞ்சுபோச்சு. சந்தோஷம் தம்பி. என்ன குழந்தை?"

ஐந்து தலைகள் என் பக்கம் திரும்பின. எனக்குப் பெண்டாட்டி இருப்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

"பொண்ணு டீச்சர்" என்றேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியாது.

ஜெபம் பண்ணலாம் என்று அவர் டிவிக்கு முதுகு காட்டிக் கண்ணை மூடினார். சேகர் சத்தத்தை நிறுத்தினான். ஆறு பேரும் தலையைக் குனிந்து, கண்ணை மட்டும் உயர்த்தினோம். டீச்சர் குழந்தைக்கு நல்ல சரீர சுகம் கேட்டார், முதல் பந்து உள்ளே போனது. தாய்க்குப் பெலன் கேட்டார், எங்கள் கோல்கீப்பர் தடுத்தார். குழந்தையின் படிப்புக்கு வந்தபோது எங்கள் அணி கோப்பையை ஜெயித்துவிட்டது.

"ஆமென்" என்று சேகர் தொண்டை கிழியக் கத்தினான். ஜெபம் பாதிகூட முடிந்திருக்கவில்லை. அவன் விசுவாசத்தைக் கண்டு டீச்சர் இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

போகும்போது, அடுத்த ஞாயிறு வந்தவாசிக்குத் தானும் வருவதாகச் சொன்னார். குழந்தையைத் தூக்கி ரொம்ப வருடமாயிற்றாம். அதற்குப் பிறகு லட்டு யாருக்கும் இறங்கவில்லை.

காலையில் கீழே போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"வீட்டுக்காகப் பொய் சொன்ன, சரி, எல்லாரும் சொல்றதுதான். நான் ஜெபம் பண்றப்போ தலை குனிஞ்சு நின்னியே தம்பி."

மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொன்னார். குல்லாவைத் திருப்பி நீட்டினேன். வாங்கவில்லை.

"அது உன் பொண்ணுக்குப் பின்னினது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது கூடுவாஞ்சேரியில் ஒரே அறையில் ஐந்து பேரில் ஒருவனாக இருக்கிறேன். மேட்ச் நாளில் சேகர் வந்து அந்தக் குல்லாவை எடுத்து டிவி மேல் மாட்டுவான். "அல்லாரும் தல குனிங்கபா" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். போன ஜூனில் போன் செய்து, பாப்பாவைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா என்று கேட்டான். சேர்த்தாச்சு என்றேன்.

வருடா வருடம் அவளுக்கு வயது கூடிக்கொண்டுதான் இருக்கிறது. அவள் அப்பனுக்குத்தான் இன்னும் வீடு கிடைக்கவில்லை.