பாயசம் வருமுன் எடுத்த இலை

பசியோடு உட்கார்ந்திருப்பவனுக்கு வருகிற கோபத்தைவிட, அவனுக்குச் சோறு போடுகிறவனுக்கு வருகிற கோபம்தான் பெரியது. இதை நான் எங்கேயும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் கேன்டீன் சூப்பர்வைசராக இருந்தேன். பெல் அடித்தால் ஒரு ஷிஃப்டே உள்ளே வரும். அடுத்த பெல் அடிப்பதற்குள் அத்தனை பேரும் தின்று, கை கழுவி, வெளியே போயிருக்க வேண்டும். எவனாவது அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு கதை பேசினால் நான் போய்ப் பக்கத்தில் நிற்பேன். பேச மாட்டேன். நிற்பேன், அவ்வளவுதான். அவனே எழுந்துவிடுவான். (என் முகம் அப்படி.)

அப்படிப்பட்டவன் செங்கல்பட்டில் இருந்த தன் வீட்டுக்கு வந்தால் என்ன பார்ப்பான்? காலையில் ஒரே ஒரு கேஸ் அடுப்பு. அதில் பாதிப் பக்கம் சரியாக எரியாது. என் மனைவி கலா ஒரு கையால் தோசை திருப்பி, மறு கையால் பெரியவளுக்குப் பின்னல் போடுவாள். சின்னவள் ஒரு இட்லியை வைத்துக்கொண்டு ஸ்கூல் வேன் வரும்வரை அதற்குப் பாடம் நடத்துவாள். அம்மா குளித்துவிட்டு வந்துதான் சாப்பிடுவார், ஆனால் எப்போது குளிப்பார் என்பது அவருக்கே தெரியாது. என் தங்கை சாந்தி தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போய்விடுவாள். எனக்கு ரயில் போய்விடும். நான் கத்துவேன். நான் கத்தியதும் சின்னவள் அழுவாள், தோசை தீயும், ரயில் நிஜமாகவே போய்விடும்.

இதற்கு ஒரு முடிவு கட்டினேன். வீட்டில் டென்ஷனைக் குறைக்கிறேன் என்று சொல்லி, கேன்டீன் சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதல் பந்தி, இரண்டாம் பந்தி. கரண்டியால் தட்டைத் தட்டினால் எல்லோரும் உட்கார வேண்டும். சாப்பிடும்போது பேச்சு கிடையாது. இடத்தை விட்டு எழுந்தால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம், தட்டை எடுத்துவிடுவேன்.

“இன்னாங்க, இது வூடா, ஜெயிலா?” என்றாள் கலா.

“ஜெயில்ல கூட டைமுக்கு சோறு கெடைக்குது. உன் கையில அது கூட கெடைக்கல” என்றேன். (எவ்வளவு பெரிய வாய் எனக்கு. இன்றைக்கு நினைத்தால் நானே என்னை ஒரு அறை அறையலாம் போலிருக்கிறது.)

ஆரம்பத்தில் திட்டம் நன்றாகத்தான் ஓடியது. ரயிலைப் பிடித்தேன். ஒருநாள் அம்மா ஊறுகாய் எடுக்க எழுந்தார். திரும்பி வந்தால் தட்டு இல்லை. தேய்க்கிற இடத்தில் கிடந்தது. “டேய் ஏழுமலை, என் தட்டை இன்னாடா பண்ண?” என்று ஒரு சத்தம் போட்டார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் தப்பு. அன்றே யாராவது என் முதுகில் நாலு போட்டிருந்தால், பிறகு நடந்தது நடந்திருக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் சாந்தி கருங்குழிக்குக் கல்யாணமாகிப் போனாள். விவசாயக் குடும்பம். மாமனார் வெள்ளை வேட்டியும் பெரிய மீசையுமாக இருப்பார். சத்தமாகப் பேசவே மாட்டார். எங்களுக்கு இருந்த வசதிக்கு அது மேலான இடம். அவர்கள் எங்களைத் தேடி வந்து பெண் கேட்டார்கள் என்று அம்மா தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தார். முதல் ஆடி வந்தது. வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து விருந்து போட்டு, பெண்ணை அந்த ஒரு மாதம் நம் வீட்டில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆவணி பிறந்ததும் அவர்கள் வந்து அழைத்துப் போவார்கள்.

விருந்துக்கு எதிர்பார்த்ததைப் போல் இரண்டு மடங்கு ஆள் வந்துவிட்டது. ஒரு வேன் நிறைய. எங்கள் ஹாலில் ஒரு வரிசை இலைதான் போட முடியும். அம்மா சோற்றுப் பானையையும் ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இது என் ஆட்டம் ஆயிற்றே! தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

“முதல் பந்தி உக்காருங்க, ரெண்டாவது பந்தி வெளிய சேர்ல இருங்க. வரிசையா, வரிசையா” என்றேன். ஆடி விருந்துக்கு வந்தவர்களை ரேஷன் கடை வாசலில் நிறுத்துவது போல நிறுத்தினேன்.

முதல் பந்தியின் நடுவில் சம்பந்தி, அதாவது சாந்தியின் மாமனார். சாப்பாட்டை அவர் சாப்பிடுகிற விதம் தனி. ஒரு கவளத்தை உருட்டுவார், பார்ப்பார், கூட்டைத் தொடுவார், வாயில் போடுவார். பிறகு மதுராந்தகம் ஏரியைப் பற்றிப் பேசுவார்.

“ஏரில தண்ணி கொஞ்சமாத்தான் கீது தம்பி. மதகைத் தொறப்பானா, மாட்டானான்னு தெரியல.”

“தொறப்பாங்க மாமா, சாப்பிடுங்க” என்றேன்.

“தொறந்தா நாத்து வுடலாம்.”

“வுடலாம் மாமா. ரசம் ஊத்தட்டா?”

அவர் இன்னும் சாம்பாரிலேயே இருந்தார். பக்கத்து இலைக்காரர்கள் ரசத்தைத் தாண்டிவிட்டார்கள். வெளியே நாற்காலியில் இரண்டாம் பந்தி எட்டி எட்டிப் பார்த்தது. எனக்குக் காது மடல் சூடானது. சமையலறை வாசலில் சாந்தி பட்டுப்புடவையோடு பாயசத் தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமனாருக்குத் தன் கையால் முதல் கரண்டி ஊற்ற வேண்டும் என்று ஆசை. பாயசமும் அவள் வைத்ததுதான்.

அப்போது சம்பந்திக்குப் புரையேறிவிட்டது. கண்ணெல்லாம் சிவந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்பக்கம் போனார். மாப்பிள்ளை செம்புத் தண்ணீரோடு பின்னாலேயே ஓடினார். நானும் ஓடியிருக்க வேண்டும். மனிதனாகப் பிறந்தவன் அதைத்தான் செய்வான்.

நான் என்ன பார்த்தேன்? காலி இடம் பார்த்தேன். அவ்வளவுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. குனிந்தேன். மடித்தேன். எடுத்தேன். வாளியில் போட்டேன். துடைத்தேன். புது இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, வெளியே பார்த்து, “அடுத்து யாரு, வாங்க” என்றேன். சம்பந்தியின் மச்சான் ஒருவர் பசியில் இருந்தார். விவரம் தெரியாமல் வந்து உட்கார்ந்தார். அவருக்கு உப்பு கூட வைத்துவிட்டேன்.

சம்பந்தி மீசையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். தன் இடத்தில் மச்சான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மச்சான் அவரைப் பார்த்தார். ஹாலில் ஒரு சத்தம் இல்லை. (பந்தியில் பேசக்கூடாது என்ற என் சட்டம் அன்றைக்குத்தான் முழுசாக நிறைவேறியது.)

“என் இலை எங்க?” என்றார் மெதுவாக.

 எல்லோரும் வாளியைப் பார்த்தார்கள். மேலாகவே கிடந்தது. ஓரத்தில் ஒரு முழு வடை எட்டிப் பார்த்தது. கடைசியில் சாப்பிடலாம் என்று வைத்திருந்தார் போல.

சம்பந்தியம்மா வாளியருகே போய்க் குனிந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். “அய்யய்யோ, வெளிப்பக்கமா மடிச்சிக்கிறாரே! சாவு வூட்டு இலை மாதிரி!”

நல்ல காரியத்தில் சாப்பிட்டவர் இலையைத் தன் பக்கமாக மடிப்பார். உறவு தொடர வேண்டும் என்று அர்த்தம். துக்க வீட்டில்தான் எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள், இப்படி ஒரு சாப்பாடு இனி வேண்டாம் என்று. நான் அவர் இலைக்கு எதிரில் நின்று என் பக்கமாக மடித்தேன். என் பக்கம் என்றால் அவருக்கு எதிர்ப்பக்கம். கேன்டீனில் தட்டை மடிக்க முடியாது என்பதால் இதையெல்லாம் யோசித்துப் பழக்கமில்லை.

அப்போதாவது காலில் விழுந்திருக்கலாம். விழவில்லை. எல்லோரும் என்னையே பார்த்ததில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எழுந்து போனா எடுக்கிறதுதான். எங்க கேன்டீன்ல அப்டித்தான். இன்னொரு இலை போட்டா முடிஞ்சிது. இதுக்குப் போயி இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?” என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

“வேணாம் தம்பி. வயிறு ரொம்பிடிச்சி” என்றார் சம்பந்தி. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போய் வேனில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் பந்தி உட்காராமலே போயிற்று. சாந்தி தூக்கைக் கீழே வைக்கவேயில்லை. வேன் சத்தம் அடங்குகிறவரை அப்படியே நின்றாள்.

அன்று மாலை கலா என் கரண்டியை எடுத்துப் பரணில் எறிந்தாள். “வூட்ல டென்ஷன் டென்ஷன்னு சொன்னியே. அது தோசையில இல்லய்யா, ரயில்ல இல்ல. டென்ஷனே நீதான்” என்றாள். வழக்கமாக ‘நீங்க’ என்பவள். நான் திருத்தவில்லை.

ஆடி முடிந்தது. ஆவணி பிறந்தது. கருங்குழியிலிருந்து யாரும் வரவில்லை. “பொண்ணு இன்னும் இங்கதான் கீதா?” என்று தெருவில் கேட்க ஆரம்பித்தார்கள். அம்மா வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பதைக்கூட விடியும் முன்னாலேயே முடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். சாந்தி ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் பாட்டுக்கு நான் வந்தால் தட்டு வைப்பாள், நான் சாப்பிட்டதும் எடுப்பாள்.

மாப்பிள்ளை நல்ல மனிதர், ஆனால் அப்பா பேச்சை மீற மாட்டார். ஒருநாள் கொளவாய் ஏரிக்கரையில் அவரும் சாந்தியும் பைக்கைச் சாய்த்துவிட்டு வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து, “உன் தங்கச்சி எவன்கூடவோ ஏரிக்கரையில நிக்குதுப்பா” என்றார். “அது அவ புருஷன்தான்” என்றேன். “அப்ப இன்னாத்துக்கு ஒளிஞ்சி நிக்கிறாங்க?” என்றார். தாலி கட்டிய புருஷனையே திருட்டுத்தனமாகப் பார்க்க வைத்தவன் என்ற பெருமை இந்த ஜில்லாவில் எனக்கு மட்டும்தான் இருக்கும்.

மறுநாளே லீவு போட்டுவிட்டுக் கருங்குழிக்கு பஸ் ஏறினேன். சம்பந்தி வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“வா தம்பி. சாப்ட்டியா?”

“மாமா, அன்னிக்கி நான்...”

“சாப்ட்டியான்னு கேட்டேன்.”

உட்கார வைத்து இலை போட்டார். அவரே பரிமாறினார். நான் மறுபடியும், “மாமா, அது வந்து” என்று ஆரம்பித்தேன்.

“சாப்பிடும்போது பேசக்கூடாதுன்னு உங்க வூட்ல சட்டமாமே? சாந்தி சொல்லிச்சி. சாப்பிடு” என்றார்.

சோறு தீர்ந்தால்தான் பேசலாம். அவரோ தீர விடவில்லை. நான் அள்ளி அள்ளிப் போட, அவர் அதைவிட வேகமாகப் போட்டார். “இன்னா அவசரம்? பெல் எதுனா அடிச்சிதா?” என்றார். உள்ளே பெண்கள் சிரித்தார்கள். சாம்பார், ரசம், பாயசம், மோர். எனக்கு மூச்சு முட்டியது. கடைசியில் இலையை மடிக்கக் கை வைத்தேன். சம்பந்தியம்மா, பக்கத்து வீட்டுக்காரி, வரப்பு வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று எல்லோரும் கதவோரம் வந்து நின்றார்கள், நான் எந்தப் பக்கம் மடிக்கிறேன் என்று பார்க்க. பயத்தில் இலையை என் பக்கம் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். மோர் மொத்தமும் என் பேன்ட்டில்.

“மாமா, தப்பு என்னுதுதான்” என்றேன் ஈரத்தோடு.

“தெரியும். வெள்ளிக்கிழமை வரோம்” என்றார். சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தார், அழைத்துப் போனார். அம்மா மறுபடியும் வடை சுட்டு வைத்திருந்தார். அவர் தின்பண்டத்தின் பக்கம் திரும்பவில்லை. காபியை நின்றுகொண்டே குடித்தார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். என்னோடு நன்றாகப் பேசுவார், ஏரியைப் பற்றி, விலைவாசியைப் பற்றி. சாப்பாட்டு நேரம் வந்தால், “வயிறு ரொம்பிக்கிது தம்பி” என்பார். அவர் காலமாகிறவரை என் வீட்டில் ஒரு பிடி சோறு சாப்பிடவில்லை. அந்தக் கணக்கை எனக்குப் பதிலாக என் தங்கைதான் தீர்த்தாள். அந்த வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் மாமியார், “உங்க அண்ணன் வூட்டு விருந்து தெரியாதா?” என்பாராம். இதை சாந்தி எனக்குச் சொன்னதில்லை. கலாவிடம் சொல்லியிருக்கிறாள்.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தி நடக்கும்போது நான் அந்த வரிசையில் நடந்தால், ஒவ்வொருவராக இடது கையை இலை ஓரத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். “ஏழுமலை வரான், இலையப் புடி” என்பார்கள். என்னைப் பார்த்தே இராத புது மருமகள்கள் கூடப் பிடிக்கிறார்கள். என் மகள்களும் பிடிப்பார்கள், அதிலும் சின்னவள் இரண்டு கையாலும். நானும் சிரித்துக்கொண்டே நடப்பேன்.

சாந்தி பிடிக்க மாட்டாள். சிரிக்கவும் மாட்டாள். அவள் மதுராந்தகத்தில் வீடு கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள். அங்கே போனால் பார்த்திருக்கிறேன், கதை பேசிக்கொண்டு, மாமனார் மாதிரியே கவளத்தை உருட்டி உருட்டி நிதானமாகச் சாப்பிடுவாள். பொங்கலுக்கு என் வீட்டுக்கு வந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு மடமடவென்று சாப்பிடுகிறாள். “மெதுவா சாப்பிடும்மா, ஒண்ணும் அவசரமில்ல” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இலையை மடித்துவிடுகிறாள்.