மாப்பிள்ளை கம்பெனி போட்ட வேலி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களின் சமூகத்துக்கு, மாமனார் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்கள் நலமாக இருப்பதை, கம்பெனி அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்த வண்ணப் புத்தகத்தில் தங்கள் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். கழுத்துப்பட்டை தங்களுக்கு எடுப்பாகவே இருக்கிறது. எங்கள் நலமும் அதே புத்தகத்தில் அச்சாகியிருப்பதால் தனியாக எழுத வேண்டியதில்லை. ‘மலர்ந்த முகங்கள்’ என்று என் படத்தையும் போட்டிருக்கிறார்கள். வெயில் கண்ணில் அடித்ததால் பல்லைக் காட்டினேன், வேறொன்றும் இல்லை.

மக்கள் நல்லுறவு அதிகாரியான தாங்கள் தொலைபேசியில், “மாமா, வெளிநாட்டுக் கம்பெனி, எல்லாம் முறைப்படி நடக்கும், உங்க சம்மதம் இல்லாம ஒரு பிடி மண்ணைத் தொடமாட்டாங்க” என்று சொன்னீர்கள். முறைப்படிதான் நடந்தது. பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். தங்கள் பெரிய முதலாளி வந்தார். எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருப்பதால் ஊரில் அவருக்குப் ‘பல்பொடி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள், தாங்கள் அவரிடம் சொல்லிவிட வேண்டாம். பல்பொடியார் தன் மொழியில் நெடுநேரம் பேசினார். மொழிபெயர்ப்பாளர் அதை “எல்லாருக்கும் வணக்கம்” என்று சுருக்கிச் சொன்னார். உள்ளே ஒரே புழுக்கம். “மின்விசிறி போடணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க” என்றார் மொழிபெயர்ப்பாளர். தூக்கினோம். தபால்காரர் இரண்டு கையையும் தூக்கினார். ஒருவர் படம் எடுத்தார். அந்தப் படம்தான் இப்போது புத்தகத்தின் நடுப்பக்கத்தில், ‘நிலத்தை ஒப்படைக்க ஊர் ஒருமனதாகச் சம்மதம்’ என்று பல்லிளிக்கிறது. சம்மதம் போனால் போகட்டும் மாப்பிள்ளை, கடைசிவரைக்கும் அந்த விசிறியை அவங்க போடவே இல்லை, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

அப்புறம் ஒருநாள் விடிந்து பார்த்தால் வீட்டுக்கும் கொல்லைக்கும் நடுவே கம்பி வேலி. வீடு எங்கள் பக்கம், கிணறும் கக்கூசும் கம்பெனி பக்கம். சோளக்காட்டைச் சொல்லவே வேண்டாம், அதில் ஏதோ எண்ணெய்ப் பயிர் போடப்போகிறார்களாம், அதைக் கடல் தாண்டி எங்கேயோ கார்கள் குடிக்குமாம். மனுஷன் வயிற்றுக்குப் போட்ட மண் இனிமேல் காருக்குத் தாய்ப்பால் கொடுக்கும். வேலி வாசலில் காவலுக்கு நிற்பவன் யார் என்கிறீர்கள்? கொல்லருடைய தம்பி, ஓயாமல் பேசுவானே, மத்தளம், அவன்தான். அவன் காடும் அதே வேலிக்குள்தான் போயிற்று. பதிலுக்கு ஒரு தொப்பியும் விசிலும் கொடுத்திருக்கிறார்கள். சொந்தக் காட்டுக்குள்ளே தானே நுழைந்துவிடாமல் தானே காவல் காக்கிறான் பாவம்.

நான் வாளியும் கையுமாகப் போய் நிற்கிறேன். “மாமா, தப்பா நினைக்காதீங்க, வருகையின் நோக்கம் எழுதணும்” என்கிறான். “ஏண்டா மத்தளம், விடிஞ்சும் விடியாம வாளியோட வர்றவனுக்கு வேற என்ன நோக்கம்டா இருக்கும்?” என்றேன். “அது தெரியுது மாமா. எந்த அதிகாரியைப் பார்க்கன்னு ஒரு கட்டம் இருக்கே, அதைக் காலியா விட்டா என்னைத் திட்டுவாங்க” என்றான். அந்த அவசரத்தில் வாயில் வந்த ஒரே அதிகாரி தாங்கள்தான், மன்னிக்கவும். ஆக, கம்பெனிப் பதிவுப்படி நான் தினமும் காலையில் தங்களைத்தான் சந்தித்துவிட்டு வருகிறேன். திரும்பும்போது “சந்திப்பு திருப்தியா மாமா?” என்று வேறு கேட்கிறான். திருப்தி என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். தங்கள் பதவி உயர்வுக்கு உதவும் அல்லவா?

இதற்கிடையில் கம்பெனி செலவில் மனித உரிமைப் பயிற்சி என்று ஊர்ப் பெண்களை அதே பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். காட்டோரத்தில் தனியாகக் குடியிருக்கும் என் அக்காவும் போனாள். ஊரில் பாதிப் பேரைப் பிரசவம் பார்த்து வெளியே இழுத்துப் போட்டவள், பாடம் என்றால் முதல் வரிசையில்தான் உட்காருவாள். பயிற்சியாளர் படம் காட்டி, “குடியிருக்க வீடு உங்க உரிமை, அதை யாரும் பறிக்க முடியாது, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க” என்றாராம். சொன்னார்களாம். வெளியே இயந்திரச் சத்தம் அதிகமாக இருந்ததால் எழுந்துபோய்ச் சன்னலை மூடிவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம். அக்கா பாடம் முடிஞ்சு வீட்டுக்குப் போனா, வீடு இருந்த இடத்துல வானம்தான் இருந்துச்சு. சத்தம் எதுக்கு வந்துச்சுன்னு அப்பதான் அவளுக்குப் புரிஞ்சுது. திரும்பி ஓடி வந்து, “ஐயா, நீங்க சொல்லிக் குடுத்த உரிமையை வீட்ல வச்சிட்டுத்தான் வந்தேன், இப்ப காணோம்”னு கேட்டிருக்கா. “கேள்வி நேரம் முடிஞ்சு போச்சும்மா, புகார்ப் பெட்டியில எழுதிப் போடுங்க”ன்னாராம் அவர். புகார்ப் பெட்டி எங்கேன்னு கேக்கறீங்களா? வேலிக்கு உள்ளே.

அவ நேரா போய்த் தன் அடுப்பங்கரைத் தரையில உக்காந்துட்டா, அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. போலீஸ் வந்து தூக்கிட்டுப் போச்சு. அடுத்தவர் இடத்துல அத்துமீறி நுழைஞ்சாளாம், சொந்த அடுப்புக்கு முன்னாடி! சரி, அதோட முடிஞ்சுதா? அன்னைக்குச் சாயங்காலமே ரொட்டிக்கடைக்காரர் சம்சாரத்துக்கு வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற குறுக்குப் பாதையும் வேலிக்குள்ளே போயாச்சு. அந்த மனுஷன் வேற வழி தெரியாம பொண்டாட்டியைக் கைவண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்கே போயிட்டார், தாதி அங்கேதானே இருக்கா! அக்கா கம்பிக்குப் பின்னால இருந்தே, “அடேய், பூட்டைத் தொறந்துட்டு வெந்நீர் போடுங்கடா”ன்னு அதட்டுனதுல, அவளைப் புடிச்சு வந்த போலீஸ்காரரே அடுப்பு ஊதினாராம். பொம்பளைப் புள்ளை, சுகம். எல்லாம் முடிஞ்சதும் அக்காவை மறுபடி உள்ளே வச்சுப் பூட்டிட்டாங்க. உள்ளே பொறந்த புள்ளையையும் வழக்குல சேக்கணுமான்னு ஒரு காவலர் கேட்டாராம்.

எங்களுக்குப் புத்தி சொல்லத் தாங்கள் அனுப்பிய என் மகள் பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். தாங்கள் சொல்லிக் கொடுத்தபடியே, “வளர்ச்சின்னா கொஞ்சம் வலிக்கத்தான்பா செய்யும்” என்றாள். “யாருக்கும்மா வலிக்கும்?” என்று அவள் அம்மா கேட்டாள். அதற்குப் பதில் தாங்கள் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது, பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இப்போது உள்ளறையில் படுத்து ஓய்வெடுக்கிறாள், தங்கள் பேச்சைத் தட்டாத பெண். எனக்கும் எதிர்த்து நிற்கத் தெம்பில்லை. நாளைக் காலையில் வந்து இருக்கிற வீட்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். பதிலுக்குக் கம்பெனி தரும் மாற்று இடம் வெறும் பாறையாக இருந்தாலும் சரி. அக்காவை மட்டும் வெளியே விடச் சொல்லுங்கள் மாப்பிள்ளை. உங்க பையன் கொடி சுத்தி, நீலம் பாரிச்சு, அழாம பொறந்தப்போ நாமெல்லாம் வெளியே சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னோம். வாயோட வாய் வச்சு ஊதி அவனை அழ வச்சது அவதான்.

தாங்கள் மேன்மேலும் உயர்ந்து, பல்பொடியாரைப் போலவே எதற்கும் சிரிக்கக்கூடிய பெரும் பதவியை அடைய வாழ்த்தி, சம்பந்தி வீட்டார் அனைவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளும்,

தங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போடுவதாக எழுதியதைத் தள்ளிவிட்டுப் படிக்கவும். உங்க சம்சாரம் ஓய்வெடுக்கலை, என் முதுகுக்குப் பின்னால நின்னு முழுக்கப் படிச்சிட்டா. “எந்த வீட்டை, யாரைக் கேட்டு எழுதிக் குடுக்கப்போறே?”ன்னு என் பேனாவைப் புடுங்கிட்டா, மீதியைப் பென்சில்ல எழுதறேன். ரொட்டிக்கடைக்காரரையும், பயிற்சிக்கு வந்த பொம்பளைங்க அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுத் தரையில போய் உக்காந்துட்டா. மத்தளமும் வேலி வாசல்லயே தொப்பியைக் கழட்டி வச்சிட்டு அவங்க பின்னாடியே போயிட்டான். நானும் இதைத் தபால்காரர் கையில குடுத்து, இன்னைக்கே உங்ககிட்ட நேர்ல சேர்க்கச் சொல்லிட்டு அங்கேதான் போறேன். மிச்சத் தரையையும் பேர்க்க நாளைக்கு இயந்திரம் வருதாம். ஓட்டுறவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க மாப்பிள்ளை, முன்வரிசையில இருக்கிறது உங்க சம்சாரம், மடியில உங்க பையன்.