நாலரை மணிக்கு மலையேறிய மாப்பிள்ளை

எனக்கு உடம்பு இரண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு வருவது ஒன்று, விடியற்காலையில் கட்டிலில் கிடப்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆதார் கார்டுதான் கொடுத்திருக்கிறார்கள் என்பதில்தான் குழப்பமே.

சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஆலையின் ஆபீசில் வேலை. ஆறு மணிக்கு வெளியே வந்தால் நேரே ஜிம். ட்ரெட்மில்லில் நான் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்து ஆள் தன் மிஷினையே நிறுத்திவிடுவார் (அவருக்கு மூச்சு வாங்கியதாம், பிறகுதான் தெரிந்தது). அந்தத் தெம்பில், காஞ்சனாவைப் பெண் பார்க்கப் போன இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நான் ஒன்பது மணிவரை தூங்குகிறவன் என்று அவள் அப்பாவிடம் யாரோ போட்டுக்கொடுத்திருந்தார்கள்.

"நாங்க வருசா வருசம் திருப்பதிக்கு அடிவாரத்து அலிபிரியிலேர்ந்து நடந்தேதான் மலை ஏறுவோம். நீங்க ஏறுவீங்களா?"

"ஒன்றரை மணி நேரம் போதும் மாமா. ஊதித் தள்ளிடுவேன்."

"அப்ப ஞாயித்துக்கெழம நாலரைக்கு வாங்க. பாத்துட்டு நிச்சயதார்த்தம் பேசிக்கலாம்."

நாலரை என்றால் சாயங்காலம் என்றே நம்பினேன். (மனுஷன் எதையாவது செய்யக்கூடிய நாலரை வேறு ஏது?) சனிக்கிழமைதான் காஞ்சனா போனில் சொன்னாள், "மூணு மணிக்கே எழுந்துடுங்க."

திருப்பதி லாட்ஜில் ஏழு மணிக்கே படுத்தும் தூக்கம் வரவில்லை. அலாரம் அடித்து எழுந்தபோது காலையா மாலையா என்றே புரியவில்லை. பழக்கதோஷத்தில் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலிபிரிக்குப் போய்விட்டேன்.

ஐம்பதாவது படியிலேயே முட்டி மடங்க மறுத்தது. கால் என்னுடையதுதானா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். அறுபது வயது மாமா வெறுங்காலோடு கோவிந்தா போட்டபடி குதித்துப் போனார்.

"இன்னா மாப்ள, ஊதித் தள்ளுவேன்னீங்க. வெறுமனே ஊதிக்கினு கீறீங்க?"

காஞ்சனா பிசியோதெரபிஸ்ட். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "உங்க மேல தப்பில்ல. ஒடம்புக்குள்ள ஒரு கடிகாரம் கீது. இந்த நேரத்துல ஒடம்புச் சூடு கம்மி, தசை இறுகிப்போயிருக்கும். சாயங்காலம் சூடு ஏறினாத்தான் பலம். அதுவும் நீங்க பழகினதே சாயங்காலந்தான்."

"இத மாமாகிட்ட சொல்லேன்!"

"நைனா கடிகாரம் வேற. மூணு மணிக்கே அடிச்சிடும்."

ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று படியில் உட்கார்ந்தேன். காலில் ஏதோ ஈரமாகப் பட்டதும்தான் விழித்தேன். வேண்டுதலுக்காகப் படிக்குப் படி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த ஓர் அம்மாள், குனிந்த தலை நிமிராமல் என் இரண்டு பாதங்களுக்கும் பூசி முடித்திருந்தார்.

"அய்யய்யோ! மெட்டனுகுன்னானு பாபு!" என்று பதறினார். (படி என்று நினைத்தாராம்.) பின்னால் இன்னொருவர் கற்பூரத்தோடு வந்துகொண்டிருந்தார். காலை இழுத்துக்கொண்டேன்.

பத்துப் படி மேலே நின்று மாமா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிப் படியேறத் தொடங்கினார். கல்யாணம் அவ்வளவுதான் என்று தோன்றியது. காஞ்சனாவை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அழுகை வந்துவிட்டது.

எப்படியோ ஏறி, தரிசனம் முடித்து வெளியே வரும்போது சாயங்காலம் ஆறு. பஸ் நிலையத்தில் நிற்க இடமில்லை. எனக்கோ, என்ன மாயமோ, உடம்பு விழித்துக்கொண்டது! மூன்று பையையும் தோளில் மாட்டி, நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸைத் துரத்தி ஓடி, ஜன்னலோரமாக மூன்று சீட்டும் பிடித்தேன். மாமாவுக்கோ கண் சொருகிவிட்டது. கைத்தாங்கலாக ஏற்றி உட்காரவைத்தேன். முதல் வளைவிலேயே என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார்.

அலிபிரியில் விழித்தவர் என்னையே உற்றுப் பார்த்தார். "காலையில வந்தது நீங்கதானா? இல்ல, ஆள் கீள் மாத்தி அனுப்சீங்களா?"

"நான்தான் மாமா. எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு."

நிச்சயதார்த்தம் நடந்தது. எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்கு விடியற்காலை முகூர்த்தம்தான் வழக்கம். மாமா புரோகிதரிடம் போய், "விடிகாலை வேணாம் சாமி. அப்ப எங்க மாப்ளைக்கு உசுரு இருக்காது. ஆறுக்கு மேல பாருங்க" என்றிருக்கிறார். அவர் பயந்துபோய் என் ஜாதகத்தை இன்னொரு முறை பார்த்தாராம்.

தெலுங்குக்காரர்கள் மாதிரி இருட்டிய பிறகு தாலி கட்டினேன். நாங்கள் தமிழா தெலுங்கா என்ற உறவினர் குழப்பம் இன்னும் தீரவில்லை. இன்றைக்கும் யாராவது காலை விசேஷத்துக்கு அழைத்தால் மாமா என்னைக் கேட்பதே இல்லை.

"நாங்க காலையிலே வந்துடறோம். மாப்ள உசுரு வந்ததும் வருவாரு."