மீசை தேர்ந்தெடுத்த பள்ளி

எந்தப் பள்ளியில் படிப்பது என்பதை மூளையைக் கொண்டு முடிவு செய்தவர்கள் பாக்கியசாலிகள். என் விஷயத்தில் அந்த முடிவை எடுத்தது என் மீசை. அதுவும் வலப்பக்கத்துப் பாதி மட்டும். (இடப்பக்கத்துக்கு இதில் சம்பந்தமே இல்லை. பாவம், கூட்டத்தோடு போயிற்று.)

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. புற்றுநோய்க்காரர்களுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும் வேலைக்குப் படிக்கப்போகிறேன் என்று பினாங்கில் யாரிடம் சொன்னாலும், "ஓ, எக்ஸ்ரே புடிக்கிற வேலையா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையில் எனக்கும் அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

என் முன்னால் இரண்டு பள்ளிகள் இருந்தன. ஒன்று இங்கிலாந்தில், வடக்கே ஏதோ ஓர் ஊரில். (எங்கள் வீட்டில் இங்கிலாந்து முழுவதுமே லண்டன்தான்.) இன்னொன்று கோலாலம்பூரில், ஒரு மருத்துவமனையின் பின்பக்கத்தில். லண்டன் கல்லூரி வழவழப்பான ஒரு புத்தகம் அனுப்பியிருந்தது. அதில் புல்வெளி, பனி, சிவப்புக் கம்பளி சுற்றிய பெண்கள். கதிர்வீச்சு இயந்திரத்தின் படமும் எங்கோ ஓரத்தில் இருந்ததாக ஞாபகம். கோலாலம்பூர் பள்ளி அனுப்பியது தட்டச்சு செய்த ஒரே ஒரு தாள். சேருவதற்குமுன் ஒரு நாள் வந்து பார்த்துப்போகலாம் என்று அதில் எழுதியிருந்தது.

அப்பா துறைமுக அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. மகன் லண்டன் போகிறான் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமைக்குள் இரண்டு இடத்துக்கும் பதில் எழுதியாக வேண்டும். "எதுக்கும் கோலாலம்பூரையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரு. நாளைக்கு யாராச்சும் கேட்டா, பாத்தோம், சரியில்லன்னு சொல்லிக்கலாம் லா," என்றார். அவருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், ஆபீசுக்கு லீவு. போர்வைக்குள்ளிருந்தபடியே என்னை வழியனுப்பினார்.

என் மீசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத் தவம் அது. விளக்கெண்ணெய் தடவி, நாள் தவறாமல் சீவி, திட்டி, கெஞ்சி வளர்த்தது. எண்ணினால் நாற்பது முடி தேறாது. ஆனாலும் கண்ணாடிமுன் நின்றால் எனக்கு என்னவோ ஒரு ஜமீன்தார்தான் தெரிவார்.

கோலாலம்பூர் பள்ளியில் முதலில் அச்சு அறைக்கு அழைத்துப் போனார்கள். தொண்டையிலும் மூக்கிலும் புற்று உள்ளவர்களுக்குக் கதிர் பாய்ச்சும்போது தலை இம்மியும் அசையக்கூடாது. அதற்காக முகத்தின்மேல் மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து, அந்த அளவுக்கு ஒரு முகமூடி செய்வார்கள். அந்த அறைக்குப் பொறுப்பு புவான் ரொக்கியா என்ற மலாய் அம்மா. செய்துகாட்ட ஒரு முகம் வேண்டும் என்றார். பக்கத்தில் நான்கு மாணவிகள் நின்றிருந்தார்கள். என் கை தானாக உயர்ந்தது.

படுக்கவைத்து, புருவத்திலும் மீசையிலும் வாசலினை அப்பினார். "முடி ஒட்டிக்கொள்ளும், துடைத்துவிடாதே," என்று தெளிவாக மலாயில் சொன்னார். எனக்கோ நான்கு பெண்களுக்கு முன்னால் என் ஜமீன்தார் மழையில் நனைந்த பூனைபோலக் கிடப்பதைப் பொறுக்க முடியவில்லை. அவர் மாவுக்கட்டுத் துணிப்பட்டைகளைத் தண்ணீரில் நனைக்கத் திரும்பியதும் புறங்கையால் வலப்பக்கத்தைத் துடைத்தேன். இடப்பக்கத்துக்குப் போவதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

"ஜாங்ஙான் கெராக்," என்றார். அசையாதே.

ஈரப்பட்டை ஒவ்வொன்றாக முகத்தில் இறங்கியது. கண் மூடிப்போயிற்று, வாய் மூடிப்போயிற்று. மூச்சுவிட மூக்குத் துவாரம் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் மாவு இறுகிச் சூடேறத் தொடங்கியது. என்னை உயிரோடு பொட்டலம் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்போது என் மணிக்கட்டின்மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது. "இப்போது இன்னும் சூடாகும். பயப்படாதே, அது அப்படித்தான். இன்னும் நான்கு நிமிஷம்... இன்னும் மூன்று..." புவான் ரொக்கியா காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கை மட்டும் இல்லையென்றால், மாவுக்கட்டோடு எழுந்து ஈப்போ வரைக்கும் ஓடியிருப்பேன்.

பிறகு அச்சைக் கழற்றினார்கள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தாராம்.

வலப்பக்கத்து மீசை முழுவதும் அச்சுக்குள் பத்திரமாக இருந்தது. மாணவிகள் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டார்கள். புவான் ரொக்கியா என்னைத் திட்டவில்லை. சவரக்கத்தி கொண்டுவந்து அனாதையாக நின்ற இடப்பக்கத்தையும் எடுத்துவிட்டார். "மீசையைச் சேர்த்துக்கொண்டாயிற்று. மீதி ஆள் எப்போது வந்து சேரும்?" என்று கேட்டார்.

மறுநாள் பஸ்ஸில் பட்டர்வொர்த் வந்து பினாங்குத் தீவுக்குப் பெர்ரி ஏறினேன். உதட்டுக்குமேல் செக்கச்செவேல் என்று வீங்கியிருந்தது. மாவுத்தூள் பட்டுக் கண்ணும் சிவந்திருந்தது. பெர்ரியில் அப்பாவோடு வேலைபார்க்கும் மாணிக்கம் அண்ணன் சைக்கிளோடு நின்றார். என் முகத்தைப் பார்த்தவர், அப்படியே இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மனசத் தேத்திக்க தம்பி. எல்லாருக்கும் ஒரு நாள் வர்றதுதான் லா."

ஒரு மீசைக்கு இவ்வளவு வருத்தப்படும் மனிதரும் உலகத்தில் உண்டா என்று நினைத்துக்கொண்டேன். "இவ்வளவு சீக்கிரம் போயிரும்னு நெனைக்கலண்ணே," என்றேன். அவர் விம்மிவிட்டார்.

பெர்ரியை விட்டிறங்கி, பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். "அடப்பாவி! அப்பா காச்சல்ல படுத்திருக்காரு, நீ மீசைய எடுத்துட்டு வந்து நிக்கிறியே! பாக்கிறவங்க என்னா நெனைப்பாங்க?"

பார்த்தவர் நினைத்ததைத்தான் பெர்ரியில் என்னிடம் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. (அப்பன் செத்தால்தான் தமிழன் மீசையை எடுப்பான் என்பது அந்த ஜமீன்தாருக்கு மறந்தே போயிருந்தது.) ஆபீசுக்குப் போன் செய்யலாமென்று அடுத்த தெருக் கடைக்கு ஓடினேன். யாரும் எடுக்கவில்லை. ஆபீஸ் மொத்தமும் எங்கள் வீட்டை நோக்கிக் கிளம்பியிருந்தது.

நான் திரும்பி வந்தபோது வாசலில் இருபது பேர். எல்லாரும் வெள்ளை உடுப்பு. முன்னால் மாணிக்கம் அண்ணன், கையில் ஆளுயர ரோஜா மாலை. அவர்களுக்கு எதிரே, கதவைத் திறந்துகொண்டு, சாரோங்கும் கையில் மைலோ கிளாசுமாக அப்பா.

அப்பா மாலையைப் பார்த்தார், பின்னால் நின்ற என் மேலுதட்டைப் பார்த்தார், புரிந்துகொண்டார். "வாங்க வாங்க, உள்ள வந்து உக்காருங்க. கொஞ்சம் முந்தி வந்துட்டீங்க, பரவால்ல," என்றார்.

பெரிய கிராணி தேவசகாயம் ஐயாவின் சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் ஒன்று தெரிந்தது. அது இரங்கல் உரை. அப்பா விடவில்லை. "படிங்க ஐயா. அப்பறமாப் படிச்சா நான் எப்படிக் கேக்கிறது?"

வேறு வழியில்லாமல் அவர் எழுந்து படித்தார். இருபத்தாறு ஆண்டுகள் சேவை என்றபோது, "இருபத்தேழு," என்று திருத்தினார் பிரேதம். கோபம் என்பதையே அறியாதவர் என்றபோது அடுப்படியிலிருந்து அம்மா சிரித்த சிரிப்பில் கூட்டமே குலுங்கிவிட்டது. அப்புறம் தேநீர் வந்தது, வடை வந்தது.

"அது சரி, மீசை எங்க தம்பி?" என்று கேட்டார் மாணிக்கம் அண்ணன்.

சொல்லத் தொடங்கினேன். அச்சு அறை, மாவுக்கட்டு, சூடு, இருட்டு, மணிக்கட்டில் வந்த கை. நோயோடு அங்கே படுப்பவருக்கு எப்படி இருக்கும், நாளைக்கு அவர் பக்கத்தில் நான் நின்றால் என்னவெல்லாம் சொல்லவேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டி அரை மணி நேரம் பேசியிருப்பேன். முடித்தபோது அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லண்டனப் பத்தி நீ ஒரு வார்த்தகூடப் பேசலியேடா."

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. எந்த ஆபீசிடம் லண்டன் லண்டன் என்று மார்தட்டினாரோ, அதே ஆபீசின் பக்கம் அப்பா திரும்பினார். "பையன் கோலாலம்பூர்லதான் படிக்கப்போறான். எல்லாருக்கும் சொல்லிருங்க," என்றார். குரலில் ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லை. அன்றைக்கு அவரைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். கூச்சத்தில் வடைத்தட்டை நீட்டினேன். மாலை, வந்த சைக்கிளிலேயே திரும்பிப் போயிற்று.

முப்பத்தைந்து வருடம் அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: ஆண்பிள்ளை யாராக இருந்தாலும், மீசையை எடுப்பதற்குமுன் வீட்டுக்குப் போன் செய்து அனுமதி வாங்க வேண்டும். போன மாதம் சிங்கப்பூரிலிருந்து என் மகன் கூப்பிட்டான். போனை எடுத்தவர் தொண்ணூற்றிரண்டு வயது அப்பா. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இருடா, உங்கப்பன் இருக்கானான்னு பாத்துச் சொல்றேன்," என்றார். பிறகு நான் குளித்துக்கொண்டிருந்த அறைப்பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டார்.

"டேய்! இருக்கியா?"

"இருக்கேம்பா!"

"இருக்கானாம். நீ எடுத்துக்க."