சுவருக்கு அந்தப் பக்கம்

சுவரில் காதை ஒட்டி நின்றிருந்தான் யோசனை. அந்தப் பக்கம் சோதனை அறை. வெளியிலிருந்து அழைத்து வரப்பட்ட சிலர் அங்கே உட்கார்ந்து, அவன் நான்கு வருடமாக உருவாக்கிய வீடியோ கேமை முதல்முறையாக விளையாடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் மெஷினும், கால் உடைந்த நாற்காலிகளும், அவனும்.

அவனுக்கு வேறு பெயர் இருந்தது. எதைக் கேட்டாலும் "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிச் சொல்லி, அலுவலகத்தில் அந்தப் பெயர் காணாமல் போய்விட்டது.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் எல்லாம் தெரியும். ஆனால் தான் செய்ததை இன்னொருவர் விளையாடுவதை அவனால் பார்க்க முடியாது. யாராவது கொட்டாவி விட்டால் இரண்டு நாள் சோறு இறங்காது. காதுக்குக் கொட்டாவி கேட்காது என்று நம்பித்தான் சுவர்ப் பக்கம் வந்தான். கேட்டது.

ஜெராக்ஸ் எடுக்க வந்த மின்னல் நின்றான். நிரல் எழுதுபவன், விரல் வேகத்தால் அந்தப் பெயர்.

"என்ன கேக்குது?"

"பேச்சுச் சத்தமே கேக்கல."

"அப்ப நல்லா மூழ்கிட்டாங்கன்னு அர்த்தம்."

"மூழ்கினவங்க பெருமூச்சு விடுவாங்களா?"

மின்னல் பதில் சொல்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். அடுத்த நிமிடம் மறுபடி அமைதி.

யோசனை சுவரிலிருந்து காதை எடுத்தான். "சிரிச்சாங்க!"

"எதுக்கு? உன் கேம்ல சிரிக்க என்ன இருக்கு? எதிரி கோட்டையை இடிக்கறான், ராஜா அழறாரு."

அதுதான் அவனுக்கும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளியம்மா நேரில் வரப்போகிறார். விளையாடுபவர்களுக்குப் பிடித்தால் கேம் வெளிவரும். பிடிக்காவிட்டால் கோட்டையை மூடிவிடுவார்கள், கோட்டையோடு அவனையும். "யாருக்கும் பிடிக்காததை நாலு வருஷம் செஞ்சவரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டிருந்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தேட வேண்டியிருக்கவில்லை.

சோதனை அறைக்குப் பொறுப்பான அக்கா வெளியே வந்தாள். விளையாடுபவர்களுக்கு எதிரே உட்கார்ந்து அவர்கள் முகத்தைக் கவனிப்பது அவள் வேலை. கம்ப்யூட்டரின் முதுகுதான் அவளுக்குத் தெரியும், திரை தெரியாது.

"அக்கா, நடுவுல எதுக்குச் சிரிச்சாங்க?"

"அதையெல்லாம் நான் கேக்க மாட்டேன்பா. ஏன் சிரிச்சேன்னு கேட்டா மனுஷன் அப்புறம் சிரிக்கவே மாட்டான். கோட்டை எப்படி, ஆயுதம் எப்படி, எதிரி எப்படி, அவ்வளவுதான் என் கேள்வி."

"என்ன சொன்னாங்க?"

"பரவாயில்லன்னாங்க."

அவனுக்குத் தெரிந்த சொற்களில் அதைவிடக் கொடூரமானது இல்லை. பெண் பார்க்கப் போன அன்று அவனைப் பற்றி மாமனார் சொன்னதும் அதே சொல்தான்.

அந்தப் பெருமூச்சு அவனைப் பிடித்து ஆட்டியது. கஷ்டமாக இருப்பதால்தான் பெருமூச்சு என்று முடிவு செய்து, மறுநாளைக்குள் விளையாட்டை எளிதாக்கினான். எதிரிகள் மெதுவாக வந்தார்கள். அம்புகள் தாமாகவே போய்த் தைத்தன. தோற்க வேண்டுமானால் தனியாக முயற்சி செய்ய வேண்டும்.

சுவரில் காதை வைத்தான். தொடக்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அப்புறம் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போன்ற அமைதி. ஒரு குரல் மட்டும், "நாங்க கிளம்பலாமா?" என்று கேட்டது.

"நான்தான் சொன்னேனே," என்றான் மின்னல். சொல்லவில்லை. "கஷ்டம் இருந்தாத்தான்டா சுவாரசியம். ஜெயிக்க விட்டா யாரு விளையாடுவா? அடி, நசுக்கு!"

நசுக்கினான். கோட்டை வாசலைப் பார்ப்பதற்குள் ஆட்கள் செத்தார்கள். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு அலை அலையாக வந்தது. சாவு, சிரிப்பு, அமைதி, சாவு, சிரிப்பு.

சந்தோஷப்பட வேண்டியவன் பயந்தான். காரணம் தெரியாமல் வரும் வெற்றி, காரணம் தெரியாமலே போய்விடும் அல்லவா? சின்ன வயதில் அவனும் ஒரு கேமில் கிறுக்காகக் கிடந்திருக்கிறான். ஒரு பந்து, ஒரு மட்டை, அவ்வளவுதான். அம்மா கூப்பிடுவது காதில் விழாது. அதில் ராஜா கிடையாது, கதை கிடையாது. அப்படி என்னதான் இருந்தது அதில்? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கோட்டையைக் கட்டினான். கட்டக் கட்டக் கேள்வி மறந்துவிட்டது.

"மனுஷனுக்குத் தோக்கறதுலதான் சந்தோஷம்னு கண்டுபிடிச்சிருக்கேன்," என்றான் அன்று மாலை மனைவியிடம்.

"அப்ப இந்த வீட்டுலயே நீங்கதான் ரொம்ப சந்தோஷமா இருக்கணும்."

கூடத்தில் மாமனார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இடிந்த சுவர்களையும் நசுங்கிய கார்களையும் பார்த்து நஷ்டத்தை மதிப்பிட்டவர். மருமகனையும் அதே கண்ணால்தான் பார்ப்பார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருக்கு உலகத்தில் பிடிக்காதது விளம்பரம். விளம்பரம் வந்த உடனே ரிமோட்டைத் துப்பாக்கிபோல நீட்டிச் சத்தத்தை அடக்கி, அது முடியும்வரை திரையை முறைத்துக்கொண்டிருப்பார்.

"பொம்மை விளையாட்டு எப்படிப் போகுது மாப்ள?"

"வெள்ளிக்கிழமை தெரிஞ்சிடும் மாமா."

"பாத்து."

அந்த ஒரு வார்த்தையை நினைத்தபடியே படுத்தான்.

அடுத்த நாள் இன்னும் ஏற்றினான். நான்கு கோபுரம், யானைப்படை, புயல், மின்னி மின்னி எரியும் அகழி. சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு இருமலாகும்வரை போனது. எதிலும் சிரிக்க ஒன்றுமில்லை என்பது அவனுக்கே தெரியும். யானையா? யானை மிதித்தால் சிரிப்பார்களா?

மாலையில் முதலாளியம்மா போன் செய்தார்.

"சிரிக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். நல்லது. ஆனா ராஜாவோட மீசை ஒரு பக்கம் பெருசா இருக்காம். இசை காதைக் கிழிக்குதாம். அப்புறம், ஒவ்வொரு தடவை தோத்ததும் கோட்டை மறுபடி திரைக்கு வர்றதுக்கு ஒரு காபி குடிக்கற நேரம் ஆகுதாமே?"

"கோபுரம், யானை எல்லாம் சேத்ததுல கொஞ்சம் கனமாயிடுச்சும்மா..."

"நாளைக்கு நானே உக்காந்து விளையாடப் போறேன். எனக்குக் காத்திருக்கறது ஆகாது."

யோசனை மீசையை வெட்டினான், இசையைக் குறைத்தான். மின்னல் மற்றதைப் பார்த்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை காலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"முடிஞ்சுது! இனிமே செத்தா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள மறுபடி சண்டை. ஒரு நொடி காத்திருக்க வேண்டாம். பாவம், நீ செஞ்சு வெச்ச ஆட்டுக்குத்தான் வேலை போச்சு."

கோட்டை வரும்வரை மெஷின் நின்றுவிட்டதோ என்று யாரும் பயப்படக் கூடாதே என்று, என்றோ ஒரு மதியம் சாப்பிட்ட கையோடு யோசனை திரையில் செய்து போட்டது அந்த ஆடு. பொத்தானை அழுத்தினால் வேலி தாண்டும். நேரம் தப்பினால் தலைகுப்புற விழும். வேலை போச்சு என்ற சொல்லைக் கேட்டதும் அவனுக்குத் தன் வேலைதான் ஞாபகம் வந்தது. ஆட்டை மறந்துவிட்டான்.

"ஓரத்துல இருக்கற பழைய கம்ப்யூட்டர் மட்டும் தாங்காது, அதுல பழையபடிதான் ஓடும்," என்றான் மின்னல். "அங்க யாரையும் உக்கார வெக்காம பாத்துக்க."

அதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். அதற்குள், மனைவியிடம் இரண்டு வார்த்தை பேசினால் படபடப்பு அடங்கும் என்று பையில் கை விட்டான். கையில் வந்தது டிவி ரிமோட். காலையில் பதற்றத்தில் போனுக்குப் பதில் அதை எடுத்து வந்திருக்கிறான். வீட்டில் மாமனார் விளம்பரங்களின் முன்னால் நிராயுதபாணியாக உட்கார்ந்திருப்பார். அந்த நினைப்பில் அக்காவிடம் சொல்ல வேண்டியது மறந்தே போனது.

முதலாளியம்மாவும் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார, சோதனை தொடங்கியது. ரிமோட்டை இறுகப் பிடித்தபடி சுவரில் காதை வைத்தான்.

அமைதி.

அமைதியில் பல வகை உண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அமைதி ஒன்று. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவர்களின் அமைதி ஒன்று. இது இரண்டாவது. செத்தார்கள், உடனே சண்டை, செத்தார்கள், உடனே சண்டை. களுக்கென்று ஒரு சிரிப்புகூட இல்லை.

அக்கா அவசரமாக எட்டிப் பார்த்தாள். "ஒருத்தர் கூடுதலா வந்துட்டாரு. ரிசப்ஷன்ல உக்காந்திருந்த பெரியவர். இடமில்ல, ஓரத்து மெஷின்ல உக்கார வெச்சுட்டேன்."

"ஐயோ, அது பழசுக்கா!"

"பெரியவரும் பழசுதான், விடு," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போது அந்தச் சிரிப்பு கேட்டது. துருப்பிடித்த கேட் திறப்பதுபோல ஒரே ஒரு ஆளின் சிரிப்பு. நின்றது. சற்று நேரம் கழித்து மறுபடி, முன்னைவிடப் பலமாக. அப்புறம் ஒரு தொண்டைச் செருமல். அந்தச் செருமலை அவனுக்குத் தெரியும். தினமும் குளியலறைக்கு வெளியே நின்று கேட்பதுதான்.

வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தான். எல்லோரும் கன்னத்தில் கை வைத்திருந்தார்கள். ஓரத்தில் மாமனாரின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய போன் அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. மாற்றிக்கொண்டு போக வந்திருக்கிறார். வந்த இடத்தில் அகப்பட்டிருக்கிறார்.

என் நாலு வருடத்தைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது.

முதலாளியம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கதவைத் திறந்து அவனை உள்ளே கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை இந்தக் கோட்டையைக் காப்பாத்தச் சொன்னா, நானே எதிரிக்குக் கதவைத் திறந்து விட்டுடுவேன். நேத்துவரைக்கும் எல்லாரும் சிரிச்சாங்களாம். இன்னிக்கு என்ன ஆச்சு?"

"யோசிச்சு..."

"வேண்டாம். யோசிச்சதெல்லாம் போதும்." அவர் ஓரத்தைப் பார்த்தார். "இவ்வளவு பேருல இவரு ஒருத்தர்தான் சிரிச்சாரு. இவருக்கு எது பிடிச்சுதுன்னு இவரே சொல்லட்டும். அதை வெச்சு முடிவு பண்ணிக்கறேன்."

எல்லாத் தலையும் ஓரத்துக்குத் திரும்பியது. பரவாயில்லை என்றாவது சொல்லிவிட மாட்டாரா என்று யோசனை ஏங்கினான்.

மாமனார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிரித்துச் சிரித்து வழிந்த கண்ணீரை ஒரு கையால் துடைத்துக்கொண்டு, மறு கையைப் பின்னால் நீட்டினார்.

"ஆடு பிரமாதம் மாப்ள! அந்த ரிமோட்டை மட்டும் இப்படிக் குடுங்க, நடுநடுவுல ஏதோ கோட்டை விளம்பரம் வந்து உயிரை வாங்குது."